டான்யூப் கரையில் நான்கு கோடை நாட்கள்

தொடர் வைப்புக் கணக்கு தொடங்க வரும் வாடிக்கையாளரிடம், "எதற்காகச் சேமிக்கிறீர்கள்?" என்று கேட்பது எங்கள் பணியின் ஒரு பகுதி. மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், வீட்டின் மேல்தளம் என்று விடைகள் உடனே வரும். "ஊர் சுற்றிப் பார்க்க" என்று சொல்வோர் மிகச் சிலர். அவர்களும் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். இருபதாண்டுகளுக்கும் மேலாக முகப்பின் இப்புறம் அமர்ந்து இந்த விடைகளைக் கேட்ட நாங்கள், ஒருநாள் மறுபுறம் நின்று அதே தாழ்ந்த குரலில், "மிதிவண்டிப் பயணத்துக்காக" என்று சொன்னோம்.

நாங்கள் இருவரும் வங்கி அதிகாரிகள், கணவன் மனைவி. இருவரும் வணிகவியல் பட்டதாரிகள், இருவருக்கும் வயது நாற்பதைக் கடந்துவிட்டது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 36 மாதங்கள் சேமித்தால், 6.5 விழுக்காடு வட்டியில் முதிர்வுத் தொகை நான்கு இலட்சத்துக்குச் சற்றே குறைவாக வரும். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு, விசா, எளிய தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு அது போதும் என்று கணக்கிட்டோம். ஆனால் 14ஆம் மாதத்தில் வீட்டு முதியவர் ஒருவருக்கு இதய அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு மீண்டும் முதல் தவணையிலிருந்து தொடங்கினோம். ஆக, மூன்றாண்டுத் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. சென்ற ஜூலையில்தான் கிளம்பினோம்.

நதி, திராட்சை, மிதிவண்டிப் பாதை

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் ஆஸ்திரியா நாட்டின் வாஹாவ் பள்ளத்தாக்கு. பத்து நாடுகளைத் தொட்டு ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடும் டான்யூப் நதி, மெல்க் என்ற சிற்றூருக்கும் கிரெம்ஸ் நகருக்கும் இடையே குன்றுகளுக்கு நடுவில் வளைந்து செல்கிறது. அந்த 36 கிலோமீட்டர் பகுதியே வாஹாவ். ஜெர்மனியின் பாஸாவ் நகரில் தொடங்கி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குச் செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதை இதன் வழியாகவே போகிறது. முழுப்பாதையும் 300 கிலோமீட்டருக்கு மேல். பழகியவர்கள் அதை ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள். நாங்கள் அதன் மிக இனிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நான்கு நாட்களில் மெதுவாகக் கடப்பது என்று முடிவு செய்தோம்.

மெதுவாகச் செல்ல ஒரு காரணம் இருந்தது. எங்களுள் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்து மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்றவர். மற்றவர் மும்பையில் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர்; மிதிவண்டி கற்றதே 43 வயதில்தான். எங்கள் பணியாளர் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில், காவலாளி ஒருவரும் நான்கைந்து சிறுவர்களும் பார்த்து மகிழ, இரண்டு மாதங்கள் விழுந்து எழுந்து கற்றார். நேர்ப்பாதையில் நன்றாகவே ஓட்டுவார். இறக்கம் என்றால் அச்சம்.

முதல் நாள்: மெல்க்

வியன்னாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ரயில் பயணத்தில் மெல்க் வந்துவிடுகிறது. பெரிய பெட்டிகளை வியன்னாவில் விட்டுவிட்டு, மிதிவண்டியின் பின்புறத்தில் இருபக்கமும் மாட்டும் பைகளில் அடங்கும் துணிமணிகளை மட்டும் எடுத்து வந்திருந்தோம். மெல்க்கில் வாடகைக்கு எடுத்த மிதிவண்டியைக் கிரெம்ஸில் திருப்பித் தர ஏற்பாடு.

ஊருக்கு மேலே பாறையின் மீது மஞ்சள் வண்ணத்தில் எழுந்து நிற்கிறது மெல்க் மடாலயம். 1089 முதல் பெனடிக்டைன் துறவியர் இங்கு வாழ்ந்து வருகின்றனர். இன்று நாம் காணும் கட்டடம் 1702இல் தொடங்கிக் கட்டப்பட்டது. யாக்கோப் பிராண்ட்டவர் என்ற கட்டடக் கலைஞர் இதை வடிவமைத்தார். பணி நிறைவடைவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1726இல், அவர் காலமாகிவிட்டார். தாம் முடித்துப் பார்க்க முடியாத ஒன்றைத் தொடங்குவதற்கும் ஒருவகைத் துணிவு வேண்டும் என்று பேசிக்கொண்டே நூலகத்தையும் கோயிலையும் சுற்றி வந்தோம்.

மாலையில் ஆற்றங்கரை வரை ஒத்திகை ஓட்டம். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நம் பழக்கமோ இடப்புறம். முதல் அரைமணி நேரம், "வலது, வலது" என்று ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொண்டே சென்றோம். நல்லவேளையாக, பாதையின் பெரும்பகுதி மகிழுந்துகளிலிருந்து விலகியே இருந்தது.

இரண்டாம் நாள்: ஸ்பிட்ஸ் வரை

மறுநாள் காலை பாலத்தைக் கடந்து வடகரையைப் பிடித்தோம். வலப்புறம் நதி, இடப்புறம் குன்று. மெல்ல மெல்லக் குன்றுகளில் படிகள் தோன்றின. நம் மலைச்சரிவுகளில் காணும் படிமுறைப் பாத்திகளைப் போன்றவையே. ஆனால் இங்கே படிகளைத் தாங்குவன சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள். மழைநீர் கற்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். பகலில் வாங்கிய வெயிலைக் கற்கள் இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தரும். எந்திரம் ஏற முடியாத சரிவுகளில் இன்றும் கையால்தான் வேலை. சுவர் ஓரிடத்தில் சரிந்தால் உடனே அடுக்கியாக வேண்டும்; விட்டுவிட்டால் மேலே உள்ள பாத்தியும் சரியும். இந்த நில அமைப்புக்காகவும், பழைமை மாறாத ஊர்களுக்காகவும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வாஹாவை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நதியும் அவ்வாறே காக்கப்பட்ட ஒன்றுதான். ஆஸ்திரியாவில் டான்யூபின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களுக்காகத் தடுக்கப்பட்டுவிட்டது. இங்கும் அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1970களில் தொடங்கி ஊர்மக்கள் எதிர்த்து நின்றதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்நாட்டில் டான்யூப் தடையின்றி ஓடும் இரண்டே பகுதிகளுள் இது ஒன்று.

வழியில் வில்லன்டார்ஃப் என்ற சிற்றூர். 1908இல் இங்கே ரயில் பாதைப் பணியின்போது நடந்த அகழ்வில், 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழைமை வாய்ந்தது. அசல் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாலையோரத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஆப்ரிகாட் பழப் பைகள், விலை எழுதிய அட்டை, காசு போட ஒரு டப்பா. விற்பவர் எவரும் இல்லை. வங்கிக்காரர்களுக்கே உரிய ஐயத்துடன் இருபுறமும் பார்த்தோம். பிறகு காசைப் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொண்டோம். ஜூலையில்தான் இப்பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் பழுக்கிறது. 'வாஹாவ் ஆப்ரிகாட்' என்ற பெயர், நம் புவிசார் குறியீட்டைப் போல, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப் பாதுகாப்புப் பெற்றது.

அன்று 20 கிலோமீட்டர் ஓட்டி ஸ்பிட்ஸ் ஊரை அடைந்தோம். ஊர் நடுவே ஒரு திராட்சைக் குன்று. அதற்கு 'ஆயிரம் வாளிக் குன்று' என்று பெயர். நல்ல விளைச்சல் ஆண்டில் ஆயிரம் வாளி ஒயின் தரும் என்பதால் வந்த பெயராம்.

கொழுக்கட்டையின் தூரத்து உறவு

உணவைப் பற்றி எங்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. எங்களுள் ஒருவர் சைவ உணவினர், மதுவும் அருந்துவதில்லை. மற்றவர் இரண்டிலும் கட்டுப்பாடு இல்லாதவர்; ஆனால் சர்க்கரை அளவு எல்லையில் நிற்கிறது என்று மருத்துவரிடம் எச்சரிக்கை வாங்கியவர். இந்த இருவருக்கும் சோறு போடும் ஊரா இது?

முதல் மாலையே அச்சம் தீர்ந்தது. இளம் பாலாடைக்கட்டியில் மிளகாய்ப்பொடியும் வெங்காயமும் கலந்த 'லிப்டவர்' என்ற துவையலைக் கம்பு நிறத்து ரை ரொட்டியில் தடவித் தருகிறார்கள். பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சுட்ட மாவுக்குழைவு, காளான், உருளைக்கிழங்கு, வெள்ளரிப் பச்சடி எல்லாம் எங்கும் கிடைக்கின்றன. நாங்கள் மறக்க முடியாதது ஆப்ரிகாட் கொழுக்கட்டை. பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சர்க்கரைக் கட்டியை வைக்கிறார்கள். பாலாடைக்கட்டி அல்லது உருளைக்கிழங்கு மாவில் பொதிந்து வெந்நீரில் வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தருகிறார்கள். நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. நாம் இனிப்பைப் பொதிகிறோம். அவர்கள் புளிப்பைப் பொதிகிறார்கள்.

இன்னோர் உறவினரையும் கண்டோம். பள்ளத்தாக்குக்கு வடக்கே உள்ள மேட்டுநிலத்தில் கசகசா விளைகிறது. நாம் குருமாவில் சிறிதளவு அரைத்துவிடும் அதே கசகசாவை, அங்கே கருநிற வகையாகப் பொடித்துச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து, விரல் போன்ற உருளைக்கிழங்கு மாவுத் துண்டுகளின் மேல் தாராளமாகத் தூவுகிறார்கள்.

மூன்றாம் நாள்: ஒரு சிற்றூரின் வங்கி

மூன்றாம் நாள் காலை, சுற்றுலாப் பயணிகள் பெரிதும் செல்லாத ஒரு கிளைப்பாதையில் திரும்பினோம். ஸ்பிட்ஸிலிருந்து ஓடையை ஒட்டி ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மேடேறினால் மியூல்டார்ஃப் என்ற சிற்றூர். காண்பதற்கு வீடுகள், தோட்டங்கள், அமைதி ஆகியவையே உண்டு. ஆயினும் வங்கி ஊழியர்களுக்கு இது சிறிய யாத்திரைத் தலம். ஆஸ்திரியாவின் முதல் ரைஃபைசன் கடன் சங்கம் 1886 டிசம்பரில் இவ்வூரில்தான் தோன்றியது.

பிரீட்ரிஹ் வில்ஹெல்ம் ரைஃபைசன் ஜெர்மனியில் ஊர்த்தலைவராக இருந்தவர். உழவர்கள் கந்துவட்டியில் நசிவதைக் கண்டு, ஊர்மக்களே தம் சிறுசேமிப்புகளை ஒன்றுதிரட்டி ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் முறையை வகுத்தார். சங்கத்தின் எல்லை ஓர் ஊர் அளவே. கடன் வாங்குபவரை அனைவரும் அறிந்திருப்பர். கடனுக்கு உறுப்பினர் அனைவரும் பொறுப்பு. அடகுக்கு ஈடாக நின்றது அண்டை வீட்டாரின் நம்பிக்கை.

இந்த எண்ணம் நம் ஊர் வரை வந்த வரலாறு பலரும் அறியாதது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, உழவர் கடன் பற்றி ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். ரைஃபைசன் போன்ற ஒருவரைக் கண்டுபிடிப்பதே தீர்வு என்பது அவர் கண்ட முடிவு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் தமிழகத்தின் முதல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பெயர்கள் இவை. அந்த ஊரின் தெருவில் மிதிவண்டியைச் சாய்த்து நிறுத்தியபோதுதான் அவற்றுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தார்கள் என்பது உறைத்தது.

திரும்பும் வழி முழுவதும் இறக்கம். 43 வயதில் கற்றவர் முதல் வளைவிலேயே இரு தடைகளையும் அழுத்திப் பிடித்து நின்றுவிட்டார். கைகள் நடுங்கின. "நீங்கள் போங்கள், நான் தள்ளிக்கொண்டே வருகிறேன்" என்றார். போகவில்லை. இருவருமாகவே செங்குத்தான பகுதிகளைத் தள்ளிக்கொண்டு இறங்கினோம். சமன்பட்ட இடங்களில் ஏறி ஓட்டினோம். அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எங்களைக் கடந்து சென்றவர்களுள் கூடையில் காய்கறி வைத்திருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவரும் இருந்தார். ஒரு கையை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டு, வளைவில் மறைந்தார்.

பைன் கிளை தொங்கும் வாசல்

மாலையில் இன்னும் 6 கிலோமீட்டர் ஓட்டி வைஸன்கிர்ஹன் ஊரில் தங்கினோம். தெருவில் ஒரு வீட்டின் வாசலில் பைன் கிளைக்கொத்து தொங்கியது. எங்கள் வீட்டில் இன்று கடை திறந்திருக்கிறது என்பது அதன் பொருள். 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஆணையின்படி, திராட்சை பயிரிடுவோர் தம் சொந்த ஒயினைத் தம் வீட்டிலேயே விற்கலாம். இன்றும் குடும்பங்கள் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் முறைவைத்துத் திறக்கின்றன. முற்றத்து மரத்தடியில் நீண்ட மேசைகள். பெரும்பாலும் ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டுகள் போன்ற சமைத்து ஆறிய உணவுகள். அந்த வீட்டின் ஒயின்.

அளக்கும் முறை எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒயின் 'எட்டிலொன்று' என்ற கணக்கில் வருகிறது. அதாவது லிட்டரில் எட்டில் ஒரு பங்கு, 125 மில்லிலிட்டர். எங்களுள் அருந்துபவருக்கு அன்று அந்த ஓர் அளவே. அருந்தாதவருக்கு அதே தோட்டத்தின் திராட்சைச் சாறு, அதே வடிவக் கண்ணாடிக் கிண்ணத்தில்.

இங்கு முதன்மையான திராட்சை 'குரூனர் வெல்ட்லீனர்' என்ற வெள்ளை வகை. அதன் ஒயினில் வெண்மிளகின் வாசம் இருப்பதாகச் சொல்வார்கள். மிளகு நாட்டிலிருந்து சென்றவர் அதை உறுதிப்படுத்தினார். பாறைச் சரிவுகளில் 'ரீஸ்லிங்' வளர்கிறது. வாஹாவ் உற்பத்தியாளர்கள் 1983இல் சங்கம் அமைத்துத் தம் ஒயினை மூன்று தரங்களாகப் பிரித்தார்கள். 11.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்ககால் இல்லாத மெல்லியது 'ஸ்டைன்ஃபெடர்'. அதற்கு மேல் 12.5 வரை 'ஃபெடர்ஷ்பீல்'; அதையும் கடந்த அடர்த்தியானது 'ஸ்மாராக்ட்'. மரகதம் என்று பொருள்படும் இப்பெயர், கற்சுவர்களில் வெயில் காயும் பச்சைப் பல்லியிடமிருந்து வந்தது.

வங்கியாளர் என்ற முறையில் எங்களைச் சிந்திக்க வைத்தது 1985ஆம் ஆண்டின் கதை. ஆஸ்திரிய ஒயின் வணிகர் சிலர், ஒயினுக்கு இனிப்பும் அடர்த்தியும் இருப்பதாகக் காட்ட டைஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருளைக் கலந்தது அவ்வாண்டு அம்பலமானது. தவறு செய்தவர் சிலர்; தண்டனை நாடு முழுவதுக்கும். ஏற்றுமதி சரிந்தது. அதே ஆண்டு கடுமையான ஒயின் சட்டம் இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டின் தர ஒயின் ஒவ்வொன்றும் அரசின் சோதனை எண்ணைத் தாங்குகிறது. மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்பு அடையாளம் இருக்கிறது. இழந்த பெயரை மீட்க ஆண்டுகள் பல ஆயின. நம்பிக்கை என்பது எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் எழுதப்படாத சொத்து. எடுத்த பிறகுதான் அதன் மதிப்புத் தெரிகிறது.

ஒரு சொல் எச்சரிக்கையும் தேவை. ஆஸ்திரியாவில் மது அருந்தி மிதிவண்டி ஓட்டுவதற்கும் சட்ட வரம்பு உண்டு. நாங்கள் எங்களுக்கு அதைவிடக் கடுமையான விதி ஒன்றை வகுத்துக்கொண்டோம்: அன்றைய ஓட்டம் முடிந்து, மிதிவண்டியைப் பூட்டிய பிறகே கிண்ணம்.

நான்காம் நாள்: படகும் ஒரு தொலைபேசி அழைப்பும்

நான்காம் நாள் காலை தென்கரைக்குச் செல்லும் படகுக்காகக் காத்திருந்தோம். அப்படகில் பயணத்துக்கு எந்திரம் தேவையில்லை. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பிவடம். அதில் உருளையால் பிணைக்கப்பட்ட படகை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பினால், ஓட்டமே அதை மறுகரைக்குத் தள்ளிச் செல்கிறது.

காத்திருந்தபோது புதுக்கோட்டையிலிருந்த அம்மாவை அழைத்தோம். எங்களுள் ஒருவரின் தாயார், மற்றவருக்கும் அம்மாதான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அம்மாவட்டத்தில் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். அம்மா அப்போது 36 வயதில் கற்றுக்கொண்டு, பதினெட்டு ஆண்டுகள் ஓட்டினார். 54 வயதில் ஒருமுறை சாலையில் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. "இந்த வயதில் இது எதற்கு அம்மா? நாங்கள் சம்பாதிக்கிறோமே, ஆட்டோவில் போங்கள்" என்று சொல்லி மிதிவண்டியை விற்கச் செய்தவர்கள் நாங்கள்தாம்.

"அங்க வயசான பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறாங்களா?" என்று கேட்டார். முந்தைய நாள் கண்ட மூதாட்டியைப் பற்றிச் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். குறை சொல்லும் குரலன்று. ஒரு கணக்கைச் சரிபார்த்துச் சொல்வது போல இருந்தது. எங்களுக்குத்தான் விடை சொல்லத் தெரியவில்லை. படகு வந்துவிட்டது.

தென்கரையில் ஆப்ரிகாட் தோட்டங்களின் ஊடே ரோஸாட்ஸ் வரை ஓட்டி, சிறு படகில் மீண்டும் வடகரையின் டியூர்ன்ஸ்டைனுக்கு வந்தோம். நீலமும் வெள்ளையுமான கோயில் கோபுரம் நதியில் நிழலாடும் ஊர் இது. மேலே குன்றின் உச்சியில் சிதைந்த கோட்டை ஒன்று. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1192ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இங்கேதான் சிறை வைக்கப்பட்டார். அவரை விடுவிக்க இங்கிலாந்து கொடுத்த வெள்ளியில் ஆஸ்திரியப் பிரபுவுக்குக் கிடைத்த பங்கிலிருந்து 1194இல் வியன்னா நாணயச்சாலை பிறந்தது.

இவ்வூரில் ஒரு கூட்டுறவு ஒயின் நிலையமும் உண்டு. வாஹாவின் திராட்சைத் தோட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அதன் உறுப்பினர்களான சிறு உழவர்களுடையவை. தனியாகச் சந்தைக்குச் செல்ல முடியாத சிறுநிலத்தவர், சேர்ந்து நின்றதால் செங்குத்துச் சரிவுகளில் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. மியூல்டார்ஃபில் கண்டதன் தொடர்ச்சியாகவே இதை எண்ணினோம்.

கடைசி 8 கிலோமீட்டர். கிரெம்ஸ் நெருங்கும்போது பாதையில் சிறியதோர் இறக்கம். 43 வயதில் கற்றவர் நிற்கவில்லை. தடையை மெல்லப் பிடித்து, மூச்சை அடக்கி, இறங்கி முடித்தார். கீழே வந்ததும் இருவரும் ஒன்றும் பேசவில்லை. மிதிவண்டியை ஒப்படைத்துவிட்டு, ரயிலில் வியன்னா திரும்பினோம்.

வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள்

இப்பயணத்துக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்கான பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா நேர்காணல் நாள் கிடைப்பதில் தாமதம் ஏற்படலாம்; சில மாதங்கள் முன்னரே விண்ணப்பியுங்கள்.

உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைக் கிளம்புமுன் இயக்கிவைத்து, வரம்பையும் நீங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள், திரும்பியதும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடையில் அட்டை எந்திரம், "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் பெரும்பாலும் பாதகமான மாற்று விகிதமே கிடைக்கும். பைன் கிளை தொங்கும் சிறு கடைகளுக்கும், சாலையோரப் பழ டப்பாவுக்கும் ரொக்கம் வேண்டும். சிறிதளவு யூரோ நாணயங்களை வைத்திருங்கள். வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பும் வரம்பும், பயணத் தொகுப்புகளுக்கான வரிப் பிடித்தமும் அவ்வப்போது மாறுவன. முன்பதிவுக்கு முன் உங்கள் கிளையில் கேட்டறியுங்கள்.

ஏப்ரலில் ஆப்ரிகாட் மலரும், ஜூலையில் பழுக்கும், செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. ஒயின் வாங்கி வருவோர், ஒருவருக்கு 2 லிட்டர் வரையே சுங்கவரி விலக்கு என்பதை நினைவிற்கொள்க.

நாங்கள் வாங்கி வந்தது இரண்டு குப்பி ஆப்ரிகாட் ஜாம். ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த மாதமே புதுக்கோட்டை சென்றோம். அம்மா ஒரு கரண்டி சுவைத்துவிட்டு, "புளிப்பு நல்லாருக்கு" என்றார். மடாலயத்தைப் பற்றியோ மன்னரைப் பற்றியோ கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனீங்க?" என்றார்.

"பதினைந்து, அதிகம் போனால் இருபது" என்றோம்.

சிரித்துவிட்டார். "பின்னாடி ரெண்டு தண்ணிக்குடம் கட்டிக்கிட்டு அதைவிட அதிகமா ஓட்டியிருக்கேன்" என்றார்.

சென்ற வாரம் புதிய தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். எதற்காக என்று முகப்பில் இருந்த இளம் அலுவலர் கேட்டார். "மிதிவண்டிப் பயணத்துக்காக" என்றோம். இம்முறை குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.